மாவுக்கட்டுப் போட்ட முதல் இரண்டு இரவுகள்



எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்த கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1959ஆம் ஆண்டு சீர்காழியில் ‘இன்பக் கனவு’ நாடகம். குண்டுமணி என்னும் பருத்த உடல் நடிகரைத் தூக்கும் காட்சியில் எம்.ஜி.ஆரின் கால் எலும்பு முறிந்துவிட்டது. இனி இவர் ஓடுவதெங்கே, சண்டை போடுவதெங்கே என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. மனிதர் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்தார். 1960இல் வெளிவந்த ‘மன்னாதி மன்னன்’ படத்தில் பத்மினியோடு நடனமே ஆடிக் காட்டினார். பல வருடம் கழித்து எங்கள் தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். நடனம் வந்தபோது என் அப்பா என் தோளைத் தட்டி, “முறிஞ்ச கால் புள்ள அது, பாரு!” என்றார்.

முறிந்த எலும்பு கூடும். ஆண்டவன் அதற்கு அந்தச் சக்தியைக் கொடுத்திருக்கிறான். நேராக வைத்து, ஆடாமல் பிடித்து, காலமும் கொடுத்தால் பெரும்பாலும் தானே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான் மாவுக்கட்டின் வேலை. ஆஸ்பத்திரியில் ‘சீமேன்’ என்கிறார்களே, அதுவும் இதுதான். ஆனால் கட்டுக்குள் இருப்பது எலும்பு மட்டுமா? சதை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, ரத்தக் குழாய் இருக்கிறது. எலும்பு ஆறு வாரம் பொறுத்திருக்கும். சதையும் நரம்பும் ரத்தமில்லாமல் ஆறு மணி நேரம்கூடப் பொறுக்க மாட்டா. இந்த மாதம் முழுக்க இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு கடிதம். காப்பார் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஏழு வயது மகன் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, மறுநாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்று இரவு பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. விரலைத் தொட்டாலே அலறியிருக்கிறான். “புதுக் கட்டு அப்படித்தான் வலிக்கும், விடிஞ்சா சரியாப் போகும்” என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார். டாக்டர் கட்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சையும் வெட்டித் தளர்த்தியிருக்கிறார். சிறிது நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டான்.

இப்போது அவருடைய கவலை என்னவென்றால், வீட்டில் எல்லோரும் அவரைக் குறை சொல்கிறார்களாம். நல்ல கட்டைக் கெடுத்துவிட்டாள், ஊரைக் கூட்டிவிட்டாள் என்று. “நான் செய்தது தப்பா மிஸ்ஸி?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, நீங்கள் செய்தது தப்பே இல்லை. உங்கள் மகனின் கையைக் காப்பாற்றியது நீங்கள்தான். உங்கள் மாமியாருக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அவரைக் குத்திக்காட்ட வேண்டாம், அவர் காலத்தில் அவருக்குச் சொல்ல ஆளில்லை.

நான் டாக்டர் அல்ல என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மிஸ்ஸியாக இருந்து, அதில் பல வருடம் எலும்பு முறிவு வார்டில் நின்று, ஓய்வு பெற்றவள். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அடிபட்ட இடம் வீங்கும். அந்த வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டேயிருக்கும். வெறும் கையாக இருந்தால் தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். சுற்றிலும் கல் மாதிரி கட்டு இருந்தால் வீக்கம் வெளியே போக வழியின்றி உள்ளேயே அழுத்தும். அந்த அழுத்தம் மெல்லிய ரத்தக் குழாய்களை நசுக்கும். ரத்தம் போகாத சதை செத்துவிடும். செத்த சதை பிறகு கயிறு போலச் சுருங்கி, விரல்களைக் கோழிக்கால் நகம் மாதிரி மடக்கிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் 1881ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதினார். இறுக்கிய கட்டுக்குள் கை முடங்கிப் போவதற்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். மோட்டாரிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிந்த பெரியவர்களுக்கும் உண்டு.

இதனால்தான் முதல் நாளில் பல டாக்டர்கள் முழுக் கட்டுப் போடுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் மாவுப் பட்டை வைத்து, மறுபக்கம் துணியால் சுற்றி அனுப்புவார்கள். “காசு கொடுக்காததால் பாதிக் கட்டுத்தான் போட்டார்கள்” என்று கோபித்துக்கொண்ட தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். வீக்கத்துக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள் ஐயா! வீக்கம் வடிந்தபின் முழுக் கட்டுப் போடுவார்கள்.

முன்பெல்லாம் லயத்துக்குப் பக்கத்திலேயே தோட்ட ஆஸ்பத்திரி இருக்கும். ராத்திரியில் டிரெசர் வீட்டுக் கதவைத் தட்டினால் திட்டிக்கொண்டாவது எழுந்து வந்து பார்ப்பார். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவிட்டன. ஷா ஆலம் நகரமே சுங்கை ரெங்கம் தோட்டத்தில் எழுந்ததுதான். டிரெசர் பார்த்த வேலையை இப்போது வீட்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கஷ்டமான வேலையல்ல. கண்ணும் கையும் போதும்.

கட்டுப் போட்டு வந்த முதல் இரவும் இரண்டாம் இரவும் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பாருங்கள். விளக்கைப் போட்டு, கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைப் பாருங்கள். மற்ற கையின் விரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நீலம் பாய்ந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, மற்றதைவிடச் சில்லென்று இருக்கிறதா? நகத்தை ஒரு கணம் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும். நகத்தில் மருதாணியோ சாயமோ இருந்தால் இது தெரியாது. மருதாணி இட்ட பிள்ளையாக இருந்தால் நிறத்தை நம்பாமல் சூட்டையும் அசைவையும் பாருங்கள். விரலைத் தொட்டு, “தெரியுதா, மரத்துப் போயிருக்கா?” என்று கேளுங்கள். விரலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். கடைசியாக, நீங்களே மெதுவாக அவன் விரலைப் பிடித்து நிமிர்த்துங்கள். அப்போது முன்கையெல்லாம் உயிர் போகிறது என்று கத்தினால் அதுதான் பெரிய எச்சரிக்கை.

வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் எலும்பு முறிந்த வலி, கட்டுப் போட்டு, கையை உயர்த்தி வைத்து, மருந்தும் கொடுத்தால் மணிக்கு மணி குறைய வேண்டும். மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும் வலி வேறு ஜாதி. மற்ற அடையாளங்கள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. விரல் நீலமாகும் நேரத்துக்கு உள்ளே பாதி காரியம் கெட்டுப் போயிருக்கும். பேச்சு வராத குழந்தை ஓயாமல் அழுதாலே போதும், புறப்படுங்கள்.

எங்கே போவது? கட்டுப் போட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்ற சட்டமில்லை. எது பக்கமோ அந்த அவசரப் பிரிவுக்குப் போகலாம். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா, பந்திங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி, பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமோ கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியோ. வண்டி கிடைக்காவிட்டால் 999. போகும்வரை கையை நெஞ்சு மட்டத்தில் வைத்திருங்கள். பாராங் கத்தியால் நீங்களே கட்டை வெட்டப் பார்க்காதீர்கள். இன்னொன்று, அழுகிற பிள்ளைக்கு மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்துச் சமாதானப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள். உடனே ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

மோதிரம், வளையல், காப்பு, கறுப்புக் கயிறு, கொலுசு எல்லாவற்றையும் அடிபட்ட உடனேயே கழற்றிவிடுங்கள். கோயிலில் கட்டிய கயிற்றை அறுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த பாட்டியிடம் ஒருமுறை நான், “சாமி கையைக் காப்பாத்தத்தானே கயிறு கட்டினாரு பாட்டி, கையே போயிட்டா எதுல கட்டுவீங்க?” என்றேன். பாட்டியே பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தார்.

என் மனத்தை விட்டு நீங்காத கை ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோட்டத்துப் பையன், பத்து வயதிருக்கும். மணிக்கட்டுக்கு மேலே முறிவு. வீட்டில் நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். இரண்டு நாள் துடித்தான், மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. “பாத்தீங்களா, வைத்தியம் பிடிச்சிருச்சு” என்று எல்லோருக்கும் சந்தோஷம். வலி நின்றது நரம்பு செத்ததால். ஐந்தாம் நாள் நாற்றம் வந்தபிறகு எங்களிடம் கொண்டுவந்தார்கள். துணியைப் பிரித்தபோது விரல்கள் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்த பையன் என்னிடம், “மிஸ்ஸி, கட்டு எப்போ பிரிப்பீங்க?” என்று கேட்டான். கை போனது அவனுக்கு இன்னும் தெரியாது.

நாட்டு வைத்தியத்தை நான் இகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் நம் ஊரில் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் வைத்துக் கட்டினார்கள். காய்ந்தால் அதுவும் கெட்டியாகும். யோசித்துப் பார்த்தால் இன்றைய கட்டும் அதே எண்ணம்தான். ஆந்திராவின் புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுவது தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. இங்கேயும் மலாய்க்காரர்களில் ‘பொமோ பத்தா’, சீனர்களில் சின்சே என்று கைதேர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் குணமானவர்கள் ஏராளம். ஏனென்றால் எளிய முறிவு எப்படிக் கட்டினாலும் பெரும்பாலும் கூடிவிடும். வைத்தியர் பெயர் வாங்குவது அந்த முறிவுகளால். எக்ஸ்ரே இல்லாமல் எது எளியது, எது கடியது என்று யாருக்கும் தெரியாது. இறுக்கிக் கட்டினால்தான் எலும்பு கூடும் என்ற எண்ணமும் தவறு. எலும்பு இறுக்கத்தால் கூடுவதில்லை, ஆடாமல் இருப்பதால் கூடுகிறது.

மாவுக்கட்டு வந்ததும் ஒரு படைவீரர் மருத்துவரால்தான். 1851இல் ஹாலந்து நாட்டு ராணுவ மருத்துவர் மத்தைசன் என்பவர் துணிச் சுருளில் பாரிஸ் சாந்துத் தூளைத் தேய்த்து, தண்ணீரில் நனைத்துச் சுற்றிப் பார்த்தார். சில நிமிடங்களில் இறுகிப் போனது. அதே பத்தாண்டில் நடந்த கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரகோவ் காயம்பட்ட வீரர்களுக்கு இந்தக் கட்டைப் போட்டார். ஜிப்சம் என்னும் கல்லைச் சுட்டுப் பொடித்தால் அதிலுள்ள தண்ணீர் போய்விடும். மறுபடி தண்ணீர் பட்டதும் பழையபடி கல்லாகும். கட்டுப் போடும்போது சூடாக இருப்பதும் இதனால்தான், பயப்பட வேண்டாம்.

இறுகிவிட்டது என்றால் காய்ந்துவிட்டது என்று பொருளல்ல. உள்வரை காய இரண்டு நாள், கால் கட்டானால் மூன்று நாள்கூட ஆகும். நம் நாட்டு ஈரக் காற்றில் இன்னும் மெதுவாகத்தான் காயும். அதுவரை விரல் நுனியால் பிடித்துத் தூக்காதீர்கள், உள்ளங்கையால் ஏந்துங்கள். விரல் பதிந்த பள்ளம் அப்படியே இறுகி, உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். மேசை விளிம்பிலும் நாற்காலிக் கையிலும் வைக்க வேண்டாம், தலையணைமேல் வையுங்கள். போர்வையால் மூடாமல் காற்றாடியைப் போட்டுவிடுங்கள். அடுப்புப் பக்கம் காட்டுவது, தலைமுடி காய வைக்கும் கருவியால் சூடு காட்டுவது எல்லாம் வேண்டாத வேலை. மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும், தோலும் வெந்துபோகும். இப்போது பச்சை, ஊதா என்று கலர் கலராக ஃபைபர் கட்டும் போடுகிறார்கள். எடை குறைவு, அரைமணி நேரத்தில் கெட்டியாகிவிடும். தண்ணீரில் கரையாது என்று நினைத்துக் குளிப்பாட்டிவிடுகிறார்கள். மேலே உள்ளது கரையாது, சரி. உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் காயவே காயாது. பிறகு நாற்றமும் புண்ணும்தான்.

கையை உயர்த்தி வைக்கச் சொல்வது வீக்கம் வடிய. படுக்கும்போது இரண்டு தலையணைமேல் கை நெஞ்சைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். நடக்கும்போது கழுத்தில் கட்டிய துணியில் விரல்கள் முழங்கையைவிட உயரே இருக்கட்டும். பல வீடுகளில் பிள்ளை ஓடியாடிக்கொண்டிருப்பான், தூளித் துணி மட்டும் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும்! விரல்களை ஓயாமல் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தோளையும் ஆட்டலாம். கட்டு முறிந்த இடத்துக்கு மட்டும்தான், மற்ற மூட்டுகளுக்கு லீவு இல்லை.

குளிக்க வைக்கும்போது கட்டை வெளியே நீட்டி, துணியால் மூடி, பிளாஸ்டிக் பையை இரண்டடுக்காகப் போட்டு மேலே ஒட்டுநாடா சுற்றுங்கள். அப்படியும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டாலே போதும். மோட்டாரில் மழையில் அழைத்துவருவதுதான் கிள்ளான் பக்கம் நான் அதிகம் பார்த்த தொல்லை. மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் பிள்ளையைப் பள்ளியிலேயே நிறுத்தி வையுங்கள். மழை விட்டபிறகு வரலாம்.

அப்புறம் அரிப்பு. இரண்டாம் வாரத்தில் கட்டுக்குள் அரிக்கும் பாருங்கள், பெரியவர்களே அழுவார்கள். ஈர்க்குச்சி, அடிக்கோல், கொண்டை ஊசி, சீனன் சாப்பிடும் குச்சி என்று எதெதையோ உள்ளே விட்டுச் சொறிவார்கள். கட்டைப் பிரித்தபோது உள்ளிருந்து நாங்கள் எடுத்த சாமான்களை வைத்து ஒரு சில்லறைக் கடையே போட்டிருக்கலாம். பத்து காசு, பென்சில் துண்டு, அழிப்பான், ஒரு பெண்பிள்ளையின் கட்டிலிருந்து தாயக்கட்டை. வெளியே தெரியாமல் தோல் கீறிச் சீழ் பிடிக்கும். பவுடர் கொட்டுவதும் தேங்காய் எண்ணெய் ஊற்றுவதும் அதைவிட மோசம். அரிக்கும் இடத்துக்கு மேலே கட்டைத் தட்டுங்கள், அல்லது ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணி சுற்றி, கட்டின்மேல் வையுங்கள். இனிப்புத் தின்னும்போது கட்டின் வாயை ஒரு துணியால் மூடிவிடுங்கள். ரொட்டித் துணுக்கு உள்ளே விழுந்தால் நம் வீட்டு எறும்பு சும்மா இருக்குமா?

ஒரே இடத்தில் மட்டும் எரிச்சல், கட்டில் கறை, கெட்ட வாடை, காய்ச்சல், கட்டு வெடிப்பது, கழன்று ஆடுவது, நனைந்து மெத்தென்று ஆவது — இவை நடந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

காலில் கட்டுப் போட்ட பெரியவர்களுக்கு இரண்டு வார்த்தை. கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோலின் மேல்பகுதி கக்கத்தில் முட்டக்கூடாது. இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடையைக் கைப்பிடி தாங்கட்டும், இல்லாவிட்டால் கையும் மரத்துப் போகும். கீழே உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஈரச் சிமெண்டில் வழுக்கும். பிளாட்டில் மின்தூக்கி பழுதானால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் கட்டுப் போட்ட காலும் முதலில். காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் ஊன்றுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தாலோ உடனே 999. அசையாத காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதும் உண்டு.

நம் ஆண்கள் பலர் ஆறு வாரக் கட்டை நான்காம் வாரமே வீட்டில் அறுத்துவிடுகிறார்கள். கேட்டால், “சம்பளம் யார் கொடுப்பா?” என்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டிருந்தால் பெர்க்கேசோவில் கேளுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971 முதல் இருக்கும் ஏற்பாடு அது. நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால், தற்காலிக இயலாமைக்கு நாட்கூலியில் 80 விழுக்காடு கணக்கிட்டுத் தருவார்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். சாலை விபத்தானால் போலீஸ் புகாரும் வேண்டியிருக்கும். எம்.சி. தாள்கள், எக்ஸ்ரே சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வையுங்கள். தொலையாத இடம் அதுதான். கூடாத எலும்போடு செம்பனைக் குலை அறுக்கப் போனால் மறுபடி முறிந்து, ஆறு வாரம் ஆறு மாதமாகும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத தாய் இல்லை. முட்டை, மீன், பால், தயிர், பருப்பு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, எல்லாம் கொடுங்கள். “முட்டை புண்ணுக்கு ஆகாது, மீன் சீழ் பிடிக்கும்” என்று பத்தியம் போட்டுப் பிள்ளையை வாட்டாதீர்கள். ஆட்டுக்கால் சூப்புக்கு எலும்பை ஒட்டவைக்கும் தனிச் சக்தி எதுவுமில்லை. ஆனாலும் குடிக்கட்டும், ருசியாக இருக்கிறதே! சிகரெட் பிடிப்பவர்கள் கட்டு இருக்கும்வரையாவது அதை நிறுத்த வேண்டும். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

கட்டைப் பிரிக்கும் நாளில் ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டே பிள்ளைகள் மூத்திரம் போய்விடுவார்கள். அது சுற்றும் ரம்பம் அல்ல, இப்படியும் அப்படியும் அதிரும் ரம்பம். கெட்டியான கட்டைத்தான் அறுக்கும், நெகிழும் தோல் அதனோடு சேர்ந்து ஆடுமே தவிர அறுபடாது. சூடாக இருந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், நிறுத்தித் தொடருவார்கள். உள்ளே இருந்த கை மெலிந்து, தோல் செதில் செதிலாக, முடி அடர்ந்து, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். யாரோ ஒருவன் கையை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்லக் கழுவுங்கள், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

மூட்டு மடங்காது. உடனே “பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பிடிச்சு விடலாம்” என்பார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது, அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அந்தப் பேட்டையில் உடம்பு பிடித்துவிடும் பார்வையற்ற சகோதரர்களின் கைத்திறனை நானும் மெச்சியிருக்கிறேன். முதுகு வலிக்கு அவர்களிடம் நான் போனவள்தான். ஆனால் பிள்ளையின் முழங்கையை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். முறிந்து கூடிய முழங்கையை அழுத்தி உருவி, பலவந்தமாக மடக்கினால் சதைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு உருவுதலே தேவையில்லை. விளையாட விட்டால் கை தானே மடங்கும், சில வாரம், சில மாதம் பிடிக்கும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே உடற்பயிற்சிப் பிரிவு இருக்கிறது. தேதி கொடுத்தால் தவறாமல் போங்கள்.

காப்பார் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பிளந்த கட்டை மாற்றிப் புதுக் கட்டுப் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதன் முதல் இரண்டு இரவுகளும் முன்போலவே எழுந்து பாருங்கள். மறு எக்ஸ்ரே தேதியைத் தவற விடாதீர்கள், கட்டுக்குள் எலும்பு நகர்ந்திருந்தால் அன்றுதான் தெரியும். அன்றைக்குப் பையனுக்குத் தகப்பனாரின் பழைய கைலிச் சட்டையைப் போட்டு அழைத்துப் போங்கள், சின்னச் சட்டைக் கை கட்டுக்குள் நுழையாது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நாள் வீட்டில் சாப்பாடு போடுங்கள், மூன்று மணிக்கு எழுந்து வந்த மனிதர் அல்லவா?